அறுபத்தேழே கால்

"மக்கா... ஹாலந்து ரிசல்ட்டு வந்தாச்சா?"

போன செவ்வாய்க்கிழமை மதியம். பாறசாலை ஸ்டாண்டில் நெய்யாற்றின்கரை பஸ்ஸின் படியில் ஒரு கால், தரையில் ஒரு கால். மழை வேறு. காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிய போனில் பெரியப்பா.

"இன்னும் வரல்ல பெரியப்பா. வந்தா நானே விளிக்கேன்."

"நீ விளிப்ப... அதுக்குள்ள எனக்க உயிரு போவும்!"

ஸ்பீக்கர் தேவைப்படாத குரல் அவருடையது. கடலில் அடுத்த வள்ளத்தோடு பேசிப் பழகிய குரல். பஸ்ஸில் பாதிப் பேர் கேட்டுவிட்டார்கள். ஜன்னலோர சேட்டன் ஒருவர் ஆவலாகத் திரும்பி, "ஹாலண்டு ஜயிச்சோ மோளே? எத்தற கோள்?" என்றார்.

கேரளத்தில் ஹாலந்து என்றால் ஃபுட்பால்தானே! அவரை எப்படிக் குறை சொல்ல?

"ஃபுட்பால் இல்லை சேட்டா... பென்ஷன்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உங்களுக்கு மட்டும் முழுக் கதையும் சொல்கிறேன். ஏனென்றால் இந்த வாரம் எனக்குக் கால் தரையில் படவில்லை.

என் அம்மாவின் அக்கா, ஸ்டெல்லா பெரியம்மா. ஐந்தாம் வகுப்போடு நின்றவர். வீட்டு வேலைக்கு வளைகுடா போய், அங்கிருந்து ஒரு குடும்பத்தோடு ஹாலந்து போய், இப்போது அங்கே ஒரு முதியோர் இல்லத்தின் அடுக்களையில் வேலை. விசா, பெர்மிட், மொழி என்று அவர் தாண்டிய வேலிகளைச் சொன்னால் இந்தப் பக்கம் போதாது. பெரியப்பா மரியதாசன் கோட்டுகாலில் தனியாக இருக்கிறார். முட்டு வலி வந்து கடல் தொழிலை நிறுத்தியாயிற்று. வாசலில் நின்றால் விழிஞ்ஞம் துறைமுகத்தின் கிரேன்கள் தெரியும். ஹாலந்துக் கொடி போட்ட கப்பல் வந்தால் உடனே எனக்கு போட்டோ வரும். "ஒனக்க பெரியம்மைக்க ஊரு கப்பலு!"

பெரியம்மா எப்போது நிரந்தரமாக வருவார்? பென்ஷன் தொடங்கும்போது. அதற்கு முன்னால் வேலையை விட்டால் இங்கேயும் வருமானம் இல்லை, அங்கேயும் இல்லை. அந்த ஊரில் வாழும் ஒவ்வொரு வருடத்துக்கும் பென்ஷனில் ஒரு சின்னத் துண்டு சேருமாம். பாதியில் எழுந்து வந்தால் துண்டும் குறையும்.

சரி, பென்ஷன் எப்போது தொடங்கும்? இங்கேதான் ஹாலந்துக்காரர்கள் விளையாடுகிறார்கள்.

போன மாதம் பெரியம்மா எனக்கு ஒரு அரசாங்க அறிவிப்பின் லிங்கை அனுப்பினார். "மக்களே, இத வாசிச்சு பெரியப்பாவுக்கு வெளங்குதது போல சொல்லிக் குடு. நான் சொன்னா மனுசன் சண்டைக்கு வாறாரு."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய், கல்லூரி வழியாக வெளியே வந்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது! கரண்டு பில் முதல் இருமல் மருந்து பாட்டிலின் பொடி எழுத்து வரை எங்கள் குன்னத்துகாலிலும் பெரியப்பாவின் கோட்டுகாலிலும் என் சொந்தக்காரர்கள் எல்லாவற்றையும் என்னிடம்தான் நீட்டுவார்கள். தமிழ், மலையாளம், இங்கிலீஷ் — எதுவானாலும் ஒரு கை பார்த்துவிடுவேன். இப்போது டச்சு. பயந்துவிடுவேனா? அம்மாவையும் கூட்டிக்கொண்டு அடுத்த ஞாயிறே கோட்டுகாலுக்கு பஸ் ஏறினேன்.

மரச்சீனியும் மீன்கறியும் முடிந்ததும் மொழிபெயர்ப்பு ஆப்பைத் திறந்தேன். டச்சு உள்ளே போயிற்று. தமிழ் வெளியே வந்தது. செய்தி வாசிப்பவள் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தேன்.

"அரசு ஓய்வூதிய வயது மக்களின் வாழ்க்கை எதிர்பார்ப்பைப் பொறுத்து முடிவு செய்யப்படுகிறது."

பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நில்லு. இன்னொருக்க வாசி."

வாசித்தேன்.

"மக்களுக்க எதிர்பார்ப்பையா? அந்த கெவர்மெண்டு கேக்குதா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"கொள்ளாமே! இதாக்கும் கெவர்மெண்டு!" என்று தொடையில் தட்டினார். "அப்பம் எனக்க எதிர்பார்ப்ப எழுது மக்கா. நான் சொல்லுதேன்."

"அத்தான், அது அங்க உள்ளவங்களுக்க எதிர்பார்ப்பா இருக்கும்" என்றார் அம்மா.

"அவ அங்க உள்ளவ தானே? நான் அவளுக்க மாப்பிள்ள தானே? எதிர்பாத்து எதிர்பாத்து இவ்வளவு வருசம் கெடந்தது யாரு, நீயா? எழுது மக்கா. கோட்டுகால் மரியதாசனுக்க வாழ்க்கை எதிர்பார்ப்பு என்னண்ணா... ஒரு கிறிஸ்மஸுக்கு எனக்க பெண்டாட்டி வீட்டில இருக்கணும். அவ்வளவுதான். வேற ஒண்ணும் வேண்டாம்."

நாங்கள் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது.

ஏனென்றால் அது உண்மை. முதியோர் இல்லத்தில் கிறிஸ்துமஸ் என்றால் அடுக்களையில் உள்ளவர்களுக்கு லீவு கிடைக்காது. கிடைத்தாலும் சின்னப் பிள்ளைகள் இருக்கும் மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, பெரியம்மா ஆகஸ்டில்தான் ஊருக்கு வருவார். அந்த வேலையில் சேர்ந்த பிறகு ஒரு கிறிஸ்துமஸுக்குக்கூட அவர் கோட்டுகாலில் இருந்ததில்லை. கடற்கரையில் எல்லா வீட்டிலும் நட்சத்திரம் எரியும்போது, பெரியப்பா தன் நட்சத்திரத்தைத் தனியாகக் கட்டி, தனியாக ஏற்றி, வீடியோ காலில் காட்டுவார். "சாஞ்சு நிக்குது" என்பார் பெரியம்மா அங்கிருந்து. ஒவ்வொரு வருடமும் சாய்ந்துதான் நிற்கும்.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு உறுத்தியது. எந்த ஊரிலாவது அரசாங்கம் மக்களுடைய எதிர்பார்ப்பைக் கேட்டு பென்ஷன் வயதை முடிவு செய்யுமா? இங்கிலீஷில் தேடிப் பார்த்தேன். நெற்றியில் அடித்துக்கொண்டேன். வாழ்க்கை எதிர்பார்ப்பு இல்லை... ஆயுள்! மனிதர்கள் சராசரியாக எவ்வளவு காலம் வாழ்வார்கள் என்ற கணக்கு. ஆப் ஒவ்வொரு சொல்லாகப் பிய்த்துப் பிய்த்துத் தமிழாக்கியிருக்கிறது!

கணக்கு இதுதான். அறுபத்தைந்து வயதான ஒருவர் இன்னும் எத்தனை வருடம் வாழ்வார் என்று அவர்களுடைய புள்ளிவிவர அலுவலகம் ஒவ்வொரு வருடமும் மதிப்பிடும். ஆயுள் கூடினால் பென்ஷன் வயதும் கூடும். ஆனால் முழுதாக இல்லை. ஒரு வருட ஆயுள் கூடினால் எட்டு மாதம் கூடுதலாக வேலை, நாலு மாதம் கூடுதலாக ஓய்வு. மூன்றில் இரண்டு. ஏறினால் ஒரே தடவையில் மூன்று மாதம் ஏறும். இல்லையென்றால் ஏறாது. அதையும் ஐந்து வருடம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும் — திடீரென்று யார் தலையிலும் போடக் கூடாது. முன்பு வெகுகாலம் அறுபத்தைந்தாக இருந்தது, ஏறி ஏறி இப்போது அறுபத்தேழு. அடுத்து வருகிறவர்களுக்கு அறுபத்தேழே கால் என்றும் அறிவித்தாயிற்று.

மறுநாள் பெரியப்பாவிடம் போனில் சொன்னேன். எதிர்பார்ப்பு இல்லை பெரியப்பா, ஆயுசு என்று.

"அப்பம் எனக்க எதிர்பார்ப்ப ஆரும் கேக்கல்ல?"

"இல்ல பெரியப்பா."

"கேட்டிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார். பிறகு உடனே கணக்குக்கு வந்துவிட்டார். "மூணில ரெண்டா? கூடுத ஆயுசுல ரெண்டு பங்கு கெவர்மெண்டுக்கு, ஒரு பங்கு நமக்கு. வள்ளக்காரன் பங்கு பிரிக்குதது போல ஆக்கும்!"

"முன்ன மூணு பங்குமே கெவர்மெண்டுக்குத்தான் இருந்தது. சங்கக்காரங்க சண்டை போட்டு, பேசி, குறைச்சிருக்காங்க."

"அங்கயும் சங்கம் உண்டா! அப்பம் பயமில்ல."

கேரளத்துக்காரர்! வேறு எப்படிப் பேசுவார்?

எங்கள் ஊர்க் கணக்கே வேறு, தெரியுமா? பென்ஷன் வயதைக் கூட்டப்போகிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பினாலே போதும். பி.எஸ்.சி. ரேங்க் லிஸ்டில் பெயர் வந்து காத்திருக்கும் பிள்ளைகள் கொடியோடு ரோட்டுக்கு வந்துவிடுவார்கள். நானும் ஒரு தடவை போயிருக்கிறேன், தொண்டை கட்டியது. இன்னொரு விசேஷம் — இங்கே சர்க்கார் ஊழியர்களில் பாதிப் பேர் மே மாதத்தில் பிறந்தவர்கள்! எப்படி என்கிறீர்களா? ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது வயது சரியாக இருக்க வேண்டும் என்று அந்தக் கால ஹெட்மாஸ்டர்கள் மே மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுவிடுவார்கள். அதனால் மே கடைசி நாளில் ஆபீஸ் ஆபீஸாக மாலை போட்டு அனுப்புவார்கள். பூக்கடைக்காரர்களுக்கு அது இரண்டாவது ஓணம்.

ஆனால் ஸ்டெல்லா பெரியம்மாவிடம் எந்த ஹெட்மாஸ்டராலும் விளையாட முடியவில்லை. அவர் பிறந்தது செப்டம்பர் எட்டு. மாதா பிறந்த திருநாள். கோயில் மணி அடிக்கும்போது பிறந்தவர் என்று கரையே சாட்சி சொல்லும். யார் மாற்றுவார்கள்?

பெரியப்பாவின் முழு உயிரும் இந்தத் தேதியில்தான் இருந்தது. பாருங்கள்... பென்ஷன் வயது அறுபத்தேழே காலில் நின்றால், செப்டம்பர் எட்டோடு மூன்று மாதம் — டிசம்பர் எட்டு. பெட்டி கட்டி விமானம் ஏறி வந்து, நட்சத்திரம் கட்டி, கேக்கும் வெட்டலாம். அறுபத்தேழரை ஆகிவிட்டால்? மார்ச் எட்டு. இன்னொரு கிறிஸ்துமஸ் போயிற்று.

"மூணு மாசந்தானே அத்தான்?" என்று அம்மா ஆறுதல் சொல்லப் பார்த்தார்.

"ஒனக்கு மூணு மாசம். எனக்கு ஒரு கிறிஸ்மஸ். மார்ச் எட்டு என்னவாக்கும் நாளு?"

"மகளிர் தினம் பெரியப்பா" என்றேன்.

"அண்ணைக்கு வந்து அவ கொடி பிடிக்கவா?"

பெரியம்மாவுக்கு இப்போது அறுபத்தொன்று; பென்ஷனுக்கு இன்னும் ஆறு வருடம். அவர் பென்ஷன் வாங்கும் வருடத்துக்கான வயதை ஹாலந்து இந்த வருடம் முடிவதற்குள் அறிவிக்க வேண்டும். காலா, அரையா? எல்லாம் ஒரு காலில் நின்றது.

இதற்கு நடுவில்தான் ஹென்க் வந்து மாட்டினார்.

ஹென்க், பெரியம்மா வேலை செய்யும் இல்லத்தில் இருப்பவர். தொண்ணூற்றாறு வயது. டிராம் ஓட்டியவர். சீட்டு விளையாட்டில் பயங்கரமாகக் கள்ளத்தனம் செய்வார். வீடியோ காலில் பெரியம்மாவின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "தாசன்! கோத்துகால்!" என்று கையாட்டுவார். பெரியப்பா அன்றைய மீனைத் தூக்கிக் காட்டுவார். அவர் சீட்டைத் தூக்கிக் காட்டுவார். வருடக்கணக்காக இதுதான் அவர்கள் பேச்சு. மொழி ஒன்றும் தேவைப்படவில்லை.

ஆயுள் கணக்கு தெரிந்த நாளிலிருந்து பெரியப்பாவுக்கு ஹென்க் எதிரிக்கட்சி.

"அவன் எந்த வயசில பென்ஷன் வாங்கினான்?"

"அறுபத்தஞ்சுல" என்றார் போனில் பெரியம்மா.

"அப்பம் முப்பது வருசத்துக்கு மேல சும்மா இருந்து வாங்குதான்! இவன மாதிரி நாலு பேரு கெடந்தா ஆயுசு ஏறாம என்ன செய்யும்? எல்லாம் ஒனக்க சூப்பாக்கும் ஸ்டெல்லா. அதில நல்லமௌகு போட்டுக் குடுக்க இல்லியா?"

"கொஞ்சம் போடுவேன். அவருக்கு சளி."

"இனிமே போடாத!"

"ஓய்... நீரு வாய வச்சிட்டு சும்மா இரியும்."

"உப்பு கூட்டிப் போடு. அப்பளம் பொரிச்சுக் குடு. மத்தவனும் கொஞ்சம் சுகமில்லாம கெடக்கட்டு."

"அத்தான்! வாயக் கழுவுங்க!" என்று அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். "ஞாயித்துக்கெழம கோயில்ல குர்பானைக்குப் போன வாயா இது?"

"நான் சாவணும்னா சொன்னேன்? இத்திரி கொறச்சு வாழட்டுன்னுதானே சொன்னேன்!"

யோசித்துப் பாருங்கள்... பெரியம்மாவின் வேலையே அந்த மனிதர்களை வாழ வைப்பது. கஞ்சி வைத்து, மசித்து, ஆற்றி, ஊட்டி. அவர் எவ்வளவு நன்றாகச் செய்கிறாரோ அவ்வளவு தூரம் அவருடைய பென்ஷன் தள்ளிப்போகும்! இப்படி ஒரு வேலையை உலகத்தில் வேறு யாராவது செய்கிறார்களா? இதை நான் பெரியம்மாவிடமே சிரித்துக்கொண்டு சொன்னேன்.

"அதுக்காக்கும் சூப்புல தண்ணி ஊத்தவா?" என்று கேட்டார். அவ்வளவுதான் பதில்.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

பஸ் நெய்யாற்றின்கரையை நெருங்கியது. என் போன் டிங் என்றது. பெரியம்மா. ஒரே ஒரு லிங்க், பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்திப் படம். இதென்ன, நல்ல செய்தியா, கெட்ட செய்தியா? டச்சில் இரண்டு பத்தி. ஆப்பைத் திறக்கவில்லை — இனிமேல் நம்புவேனா? நேராக எண்களைத் தேடினேன். எண்ணுக்கு மொழி கிடையாதே!

அறுபத்தேழு. பக்கத்தில் மூன்று.

மூன்று!

ஆறு இல்லை. மூன்று. ஏறவில்லை! காலிலேயே நிற்கிறது! இங்கிலீஷிலும் தேடி உறுதி செய்துகொண்டேன். பஸ்ஸில் எழுந்தே நின்றுவிட்டேன். அந்த ஜன்னலோர சேட்டன் திரும்பிப் பார்த்தார்.

"ஜயிச்சு சேட்டா!" என்றேன். "ஹாலண்டு ஜயிச்சு!"

பாவம், அவரும் கட்டைவிரலை உயர்த்தினார்.

மதிய ஷிப்ட்டுக்கு லீவு சொன்னேன். இதைப் போனில் சொல்ல முடியுமா? அந்த முகத்தைப் பார்க்காமல் எப்படி? பஸ் மாறி, மழையில் நனைந்து, கோட்டுகால் போய்ச் சேர்ந்தேன். பெரியப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மழையிலேயே இறங்கி வந்தார்.

"காலா அரையா?"

"கால் பெரியப்பா! டிசம்பர் எட்டு! ஏறல்ல!"

அவர் குதிப்பார், கத்துவார், கரையே அதிரும் என்று நினைத்திருந்தேன். "டிசம்பர் எட்டு" என்றார் மெதுவாக. "அமலோற்பவ மாதா திருநாளு. மாதாவுக்க நாள்ல பொறந்து, மாதாவுக்க நாள்ல வாறா..."

இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழைத்தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம்.

பிறகு திடீரென்று நின்றார். முகம் மாறியது.

"மக்கா... ஆயுசு கூடினா வயசு கூடும்னு தானே நீ சொன்ன?"

"ஆமா."

"அப்பம் கூடல்லண்ணா... ஆயுசு கூடல்லண்ணா... அங்க ஆளுவளுக்கு என்ன ஆச்சு?" குரல் இறங்கிவிட்டது. "மக்கா, ஹென்க்குக்கு ஒண்ணும் இல்லியே? ரெண்டு நாளா போன்ல காணல்ல. நான் பாவி, வாய வச்சேனே... அவளுக்கு விளி. இப்பமே விளி!"

மெழுகுவர்த்திப் படம் எனக்கு ஞாபகம் வந்தது.

விளித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. பெரியப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் இவ்வளவு நாள் காத்திருந்த செய்தி வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதை மறந்தேவிட்டார்.

எடுத்தது பெரியம்மா. பின்னால் அடுக்களை.

"ஸ்டெல்லா! ஹென்க்கு எங்க?"

"நல்ல மனுசன்! பொண்டாட்டி வாறா, அத கேக்காம..."

"ஹென்க்கு எங்கன்னு கேட்டேன்!"

"சளியாக்கும். அறையில கெடக்காரு."

"அப்போ அந்த மெழுகுவர்த்திப் படம்?" என்றேன்.

"மாதாவுக்கு நான் மெழுகுதிரி கொளுத்துனது நம்ம காரியத்துக்கு. நில்லும், காட்டுதேன்."

போன் நடந்தது. ஒரு கதவு திறந்தது. போர்வைக்கு மேலே சிவந்த மூக்கு. அதற்கு மேலே ஒரு சீட்டு.

"தாசன்!"

பெரியப்பா அப்போதுதான் மூச்சு விட்டார். காட்டுவதற்குக் கையில் மீன் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் என் குடையைத் தூக்கிக் காட்டினார்.

பெரியம்மா ஹென்க்கிடம் டச்சில் விஷயத்தைச் சொன்னார். அவர் விரல்விட்டு எண்ணி என்னவோ சொன்னார். பெரியம்மா சிரித்தார்.

"நான் ஊருக்கு வரும்ப அவருக்கு நூத்திரெண்டு ஆவுமாம். அதுவரைக்கும் சூப்பு மொடங்கக் கூடாதுன்னு சொல்லுதாரு."

"நூத்திரெண்டா! ஆசையப் பாரு கெளவனுக்கு!" பெரியப்பாவின் பழைய குரல் திரும்பி வந்துவிட்டது. அடுத்த வள்ளத்துக்கும் கேட்கும் குரல். "இருந்துட்டுப் போட்டு! ஸ்டெல்லா, நல்லமௌகு கூட்டிப் போடு. சளியில்லியா?"

"போட்டாச்சு."

போனை வைத்ததும் பெரியப்பா என்னிடம் திரும்பினார். "ஒனக்க அந்த ஆப்பு... எனக்க எதிர்பார்ப்ப பாத்துதான் முடிவு பண்ணுவாவன்னு மொதல்ல சொன்னது எது? அதுதானே?"

"அதுதான். தப்பா சொல்லிச்சு."

"தப்பா?" என்றார். "எது தப்பு? நான் எழுதச் சொன்னது என்ன, நடந்தது என்ன?"

நான் படித்தவள். முதல் பட்டதாரி. அதனால் மரச்சீனி இருக்கிறதா என்று கேட்டேன்.

ஹென்க் நூறைத் தாண்டட்டும். ஒருத்தர் தாண்டினால் சராசரி அசையாது — பெரியப்பாவுக்காக நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்!